வரவேற்புரையாரின் ஐந்து நிமிடம்

மனைவியை உயர்த்தியே தீருவது என்று வரவேற்புரையார் முடிவெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் சோபாவில் சாய்ந்து கிடந்தார். மனைவி அவர் காலடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பெண்கள் தலைமைக்கு வரணும். என்ன சொல்றே?"

"காலைத் தூக்குங்க."

தூக்கினார். பெண்கள் முன்னேற்றத்துக்காக அவர் அதுவரை தூக்கிய ஒரே பொருள் அதுதான்.

லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வை வேலை அவருக்கு. ஆனால் குடியிருப்பில் அந்த வேலையைச் சொன்னால் யாருக்கும் ஆளைத் தெரியாது. எந்தக் கூட்டமானாலும், அது தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிய கூட்டமானாலும், முதலில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை ஆற்றிவிடுவார். தொட்டியை வரவேற்றாரே தவிர கழுவக் காணோம் என்பது கீழ்வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். நல்ல மனுஷர்தான். என்ன, கை ஒரு அடி வைப்பதற்குள் வாய் தெருமுனைக்குப் போய்விடும்.

மனைவி சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாகத் துணை மேலாளர். எந்த லாரி எப்போது கிளம்பும், எந்த டிரைவருக்கு முதுகுவலி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு மேலே இதுவரை மூன்று மேலாளர்கள் வந்தார்கள். மூன்று பேருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கற்றுக்கொண்டு மூவரும் மேல் பதவிக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை நிர்வாக இயக்குநர் அம்மாள், "நீங்களே அந்த நாற்காலியில உட்காருங்க" என்று சொல்லிவிட்டார். பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம். ஒப்புக்கொண்டால் காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வெளியூர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லு. நான் இருக்கேன்ல?"

"அதான் யோசிக்கிறேன்."

இது அவர் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

மனைவி துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு வந்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் சரின்னா ஆண்டு விழாவுல அறிவிப்பாங்க. உடனே வீட்டுக்காரர் மேடையேறி அஞ்சு நிமிஷம் பேசணுமாம். மனைவி வேலைக்கு எப்படித் துணையா இருந்தேன்னு."

"மைக் உண்டா?"

"ரெண்டு உண்டு."

மறு நிமிஷம் அவர் கையில் காகிதமும் பேனாவும் இருந்தன. அரை மணியில் ஒரு பக்கம். அதைப் பன்னிரண்டு வயது மகள் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"அவள் உயர உயர நான் ஏணியாக நின்றேன்..."

"எந்த ஏணிப்பா? போன வாரம் பரண்ல இருந்து பெட்டி எடுக்க அம்மாதான் ஏணில ஏறினாங்க. புடிச்சுக்கோங்கன்னாங்க. நீங்க போன்ல இருந்தீங்க."

"சரி, விடு. அவளுக்கு முன்னால் எழுந்தேன்..."

"எந்த வருஷம்?"

மகள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அடித்து முடித்தபோது மிச்சம் இருந்தவை இரண்டு வார்த்தைகள்: 'அனைவருக்கும் வணக்கம்.'

"பொய் சொன்னா அம்மா ஆபீஸ்ல சிரிப்பாங்கப்பா. நடந்ததை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் டிக் போடறேன்."

அவர் சமையலறைக்குப் போனார். "ஏம்மா, உன் வேலைக்கு நான் துணையா இருந்த சம்பவம் ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

அவள் பாவம், நிஜமாகவே யோசித்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு யோசித்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

"அது காய்ச்சலுக்குத் துணை."

"ஆமா, அது காய்ச்சலுக்குத்தான்." அடுப்பை மறுபடி கூட்டினாள். "மூணு வருஷம் முன்னாடியும் இதே பதவிக்குக் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்ல வந்தேன். நீங்க மைக் செட்காரர்கிட்ட பேசிட்டிருந்தீங்க. அப்புறம்னு கையைக் காட்டினீங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பார். அந்த 'அப்புறம்' வந்து சேர மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அன்று ராத்திரி அவரே அலாரம் வைத்தார்.

மறுநாள் அலாரம் ஐந்து மணிக்கு அலறியது. அவரும் அலறினார். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் எதிரே காவலுக்கு நின்றார். நின்ற இடத்திலேயே கண் அசந்தது. பால் பொங்கியது. செவ்வாயும் பொங்கியது. புதன்கிழமை கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்போதும் பொங்கியது. சாப்பாட்டு டப்பாக்களை மாற்றிக் கொடுத்ததில் மனைவிக்குக் குட்டி டப்பா போயிற்று, மகள் பள்ளியில் அம்மாவின் பெரிய டப்பாவைத் திறந்து வைத்து விழித்தாள். பெற்றோர் கூட்டத்துக்குத் தனியாகப் போய், அங்கே ஆசிரியர்களை வரவேற்றுப் பேசிவிட்டு வந்தார். மனைவி ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் இருந்தது. மகள் கஞ்சத்தனமாக டிக் போட்டாள்.

விழா அன்று, இஸ்திரி போட்ட சட்டையில் காகிதத்தோடு முன் வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். நிர்வாக இயக்குநர் அம்மாள் மனைவியின் பெயரைச் சொல்லி, "இனி இவர்தான் கிளை மேலாளர்" என்றார். டிரைவர்கள் அடித்த விசிலில் கூரை அதிர்ந்தது. வரவேற்புரையாருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அதற்குள் நன்றியுரை முடிந்து எல்லாரும் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள்.

அவர் மைக் செட்காரரிடம் ஓடினார். "என் பேச்சு?"

"எந்தப் பேச்சு சார்?"

திரும்பினால் மனைவி சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாதுங்க."

"அடிப்பாவி! நேரா கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"நேரா கேட்டா பேசியிருப்பீங்க."

"எப்ப சரின்னு சொன்னே?"

"நேத்து சாயங்காலம். புள்ளையோட பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, காலரைக் கருக்கினீங்கள்ல? கருக்கிட்டு என்னைக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். கூப்பிடலை. நீங்களே இன்னொரு சட்டையை எடுத்து முதல்லேருந்து ஆரம்பிச்சீங்க. அப்பதான் மாடிக்குப் போய் போன் பண்ணினேன்."

அவர் காகிதத்தை மடித்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

தண்ணீர் வடிகட்டி இருந்த மூலையில், மைக் இல்லாமல், மனைவி, மகள் என்று இரண்டே பேருக்கு அவர் படித்தார். "காலை ஐந்து மணிக்கு எழுகிறேன். பாலை நானே காய்ச்சுகிறேன். ஆறு முறை பொங்கியது, ஏழாம் முறை பொங்கவில்லை. டப்பா கட்டுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறேன். இதையெல்லாம் பதினோரு வருஷம் ஒருத்தி தனியாகச் செய்துகொண்டே மூன்று பேரை மேலாளராக்கினாள் என்பது எனக்கு ஒன்பது நாளில்தான் தெரிந்தது." ஐந்து நிமிஷம் பேச வந்தவர், இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பேசினதுலயே இதுதாங்க நல்ல பேச்சு. கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பத்திரமா வச்சுக்கறேன்."

உச்சி குளிர்ந்துபோய்ப் போட்டார். பக்கத்தில் மகளும் சிவப்பில் ஒன்று போட்டாள்.

மறுநாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினால், அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. எழுகிறேன், காய்ச்சுகிறேன், கட்டுகிறேன், போகிறேன். கீழே அவர் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து. புதிய மேலாளர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மணி ஆறு இருபத்தெட்டு.

"ஏம்மா... இது எந்தத் தேதி வரைக்கும்?"

"அதுல தேதி போட்டிருக்கீங்களா?"

ஓடிப் போய்ப் பார்த்தார். "இல்லையே!"

"அப்ப அங்கே ஏன் நிக்கறீங்க? பால் பொங்குது பாருங்க."