முந்திக்கொண்ட எதிர்பார்ட்டி

"இந்த வக்கீலும் போச்சா?" என்றாள் ஷீபா.

"போச்சு. எனக்கு முன்னாடியே அவன் போய் உக்காந்துட்டான்" என்று செருப்பை உதறினான் டெர்வின்.

அவன் என்றால் எவன்? அதுதானே தெரியவில்லை!

டெர்வின் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கினான். எழுந்து வந்து பார்த்தால், வாசலில் நின்ற வண்டியின் மூஞ்சி அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. இடித்தவனைக் காணோம். சீசன் நேரம் வேறு. மெயின்லேண்ட் ஜனம் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து குவிகிறது. இவன் வண்டி ஷெட்டில் நிற்கிறது. இடித்தவன் தலையில் செலவைக் கட்டினால்தான் வண்டி ரோட்டுக்கு வரும். இல்லையென்றால் இந்த வருஷப் பிழைப்பு அம்பேல்.

"எவனா இருந்தாலும் உள்ள தள்ளாம விடமாட்டேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

"விடக் கூடாதுங்க. எந்த வக்கீலப் பாக்கப் போறீங்க?" என்று ஷீபாவும் கூடவே கொதித்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள்!

முதலில் ஹரிஹரன் வக்கீல். வண்டி நம்பரைச் சொன்னதுமே கையை விரித்துவிட்டார்.

"தம்பி, எதிர்பார்ட்டி வந்துட்டுப் போயாச்சு. ஒரு பக்கத்துக் கதையைக் கேட்டுட்டா மறுபக்கத்துக் கேஸை நான் தொடக் கூடாது."

"யாரு சார் அது? பேரையாவது சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாது. பாவம், ரொம்பப் பயந்து போயிருக்காங்க."

வண்டியை இடித்தவன் பாவமாம்! டெர்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தைவிட, அது யார் என்ற அரிப்புதான் பெரிதாக இருந்தது.

அடுத்தது மின்னி பே ஏரியா வக்கீல் தாஸ் பாபு. "ஸாரி பாய், தூஸ்ரா பார்ட்டி பெஹலே ஆ கயா" என்று அவரும் எதிர்பார்ட்டி முந்திவிட்ட கதையையே இந்தியில் பாடினார்.

"நான் வரப்போறது அவனுக்கு எப்படித் தெரியுது ஷீபா? போனை ஒட்டுக் கேக்குறானோ?"

"இருக்கும்ங்க. காலம் கெட்டுக் கெடக்கு."

மறுநாளே சிம் கார்டை மாற்றினான். பழைய நம்பரில் கூப்பிடுகிற சவாரிகளும் அதோடு போயின. பிறகு மேல்வீட்டுச் சண்முகம் மீது சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, நான் பேசுறதையெல்லாம் மேலருந்து கேட்டு எவனுக்குச் சொல்றீய?"

"அடப்பாவி! நீ அலைய என் ஸ்கூட்டியையும் கொடுத்து, இந்தப் பேச்சும் கேக்கணுமா? வை சாவியை!"

ஸ்கூட்டியும் போயிற்று. இனி நடராஜா சர்வீஸ்தான்.

அன்று சாயங்காலம் டெர்வின் உஷாரானான். ஜன்னலைச் சாத்தினான். குழாயைத் திறந்துவிட்டான். அந்தச் சத்தத்தில் ஷீபாவின் காதோரம் குனிந்து சொன்னான்.

"இந்த வீட்ல நாம ரெண்டே பேருதான். வெளிய மூச்சு விடாத. அபர்டீன் பஜார்ல புதுசா ஒரு லேடி வக்கீல் வந்திருக்காங்க, கார்த்திகான்னு. நாளைக்கு அங்க போறேன்."

"மாதா மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் ஷீபா.

மறுநாள் வெயிலில் நடந்து, வியர்த்து வழிய மாடியேறினான். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார். கிளார்க் புஷ்பா வண்டி நம்பரைக் கேட்டதும், "அடடா!" என்றாள்.

டெர்வின் அப்படியே பெஞ்சில் சரிந்தான். "வந்துட்டானா?"

"காலையிலயே வந்துட்டாங்க சார். ஒரே அழுகை. ஓட்டிப் பழகலாம்னு எடுத்தப்பத் தெரியாம இடிச்சிட்டேன், புடிச்சு உள்ள தள்ளிருவாங்களான்னு கேட்டாங்க. மேடம்தான், கேஸெல்லாம் வேணாம், ரெண்டு பேரையும் உக்காரவச்சுப் பேசி முடிக்கலாம்னு சொன்னாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

டெர்வினுக்கு உயிர் வந்தது. கேஸ் கிடக்கட்டும், கடைசியில் அவன் முகத்தையாவது பார்த்துவிடலாமே!

"சம்மதம்! இன்னைக்கே வரச்சொல்லுங்க!"

"அப்ப உங்க விலாசம் சொல்லுங்க. மேடம் சாயங்காலம் நேர்லயே வருவாங்க."

"குட்வில் எஸ்டேட், தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல மாடிவீடு. அதுல கீழ்வீடு."

புஷ்பா பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"எதிர்பார்ட்டி விலாசம்தான் எங்ககிட்ட இருக்கே சார். நான் கேட்டது உங்க விலாசம்."