தூரம் ஒழிந்த வாரம்

“இரண்டாயிரமாம் ஆண்டில் தூரம் என்று ஒன்று இருக்காது.”

இதைச் சொன்னபோது தணிகாசலத்தின் முகத்தில் சிரிப்பே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி இந்திராணி ஒருத்திதான். அவளும் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கல்லூரி விஞ்ஞான மன்றத்தில் அவர் ஆற்றவிருந்த சொற்பொழிவுக்கு அது ஒத்திகை. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பௌதிக ஆசிரியர்கள் எல்லோரும் தாங்களே போய் வந்தவர்கள் போல நடந்துகொண்டிருந்த சமயம்.

“தூரம் இல்லாட்டி இந்த பஸ்ஸுங்கெல்லாம் எங்க போவும்?” என்றாள் இந்திராணி.

“பஸ்ஸே இருக்காது. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கலாம். பம்பாய்ல இருக்கறவங்க மூஞ்சி அதுல தெரியும். பேசலாம். ஏன், தொடக்கூடத் தொடலாம். அங்க ஒருத்தர் அழுதா, இங்கேர்ந்தே கண்ணைத் துடைச்சு விடலாம்.”

“மூக்கு?”

“என்ன மூக்கு?”

“அழுதா மூக்கும்தானே ஒழுவும். அதையும் இங்கேர்ந்தே சிந்தி விடணுமா?”

தணிகாசலம் அடுத்த தாளுக்குப் போனார். அது மூடநம்பிக்கைப் பகுதி. வருஷா வருஷம் மாணவர்கள் மேஜையைத் தட்டிச் சிரிக்கும் இடம். அவர்கள் ஊரான காஞ்சிபுரத்தின் வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டால், மேலே பல்லி விழுந்த தோஷம் போய்விடும். கோயிலுக்கு வர முடியாதவர்கள், தொட்டு வந்தவரைத் தொட்டாலே போதும்.

“ஆக, புண்ணியம் என்பது செப்புக் கம்பியில் மின்சாரம் போல ஆள் விட்டு ஆள் பாய்கிறது. அப்படியானால் என் அத்தையின் மின்தடை எத்தனை ஓம்?”

இந்திராணி சிரிப்பதற்குள் தபால்காரர் குரல் கொடுத்தார்.

கடிதம் பம்பாயிலிருந்து. அவருடைய ஒரே தங்கை தேவகி. எட்டு வருஷத்துக்கு முன் மாட்டுங்காவுக்குக் கட்டிக்கொடுத்தது. அதன்பின் தணிகாசலம் அவளைப் பார்க்கப் போனதில்லை. ஆனால் கடிதத்தில் குறை வைத்ததில்லை. மாதம் ஒன்று தவறாமல் எழுதுவார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் வரிசை எண் இருக்கும். கடைசியாகப் போட்டது தொண்ணூற்று மூன்று.

கையெழுத்து தேவகியுடையதல்ல.

‘அண்ணாவுக்கு, கை நடுங்குவதால் பக்கத்து வீட்டு நீலாம்பாள் அக்கா எனக்காக எழுதுகிறார்கள். வயிற்றில் கட்டி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். போன வாரம் என் உச்சந்தலையில் பல்லி விழுந்துவிட்டது. தலையில் விழுந்தால் சாவுதான் பலன் என்று உனக்குத் தெரியும். இங்கே காஞ்சிப் பல்லியைத் தொட்டவர்கள் யாருமில்லை. நீ தொட்டுவிட்டு வந்து என்னைத் தொட வேண்டும். அதுவரை ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே வா.’

இந்திராணி அரிவாள்மணையை மடக்கிவிட்டாள். “இன்னிக்கே கிளம்புங்க.”

“வியாழக்கிழமை கூட்டம்டி. கலெக்டர் வர்றாரு.”

“அப்போ நான் போய்த் தொட்டுட்டு ரயில் ஏறட்டா?”

“பௌதிக வாத்தியார் பொண்டாட்டி பல்லியைத் தூக்கிக்கினு பம்பாய் போனான்னு ஊரே சிரிக்கும். விஞ்ஞானம் எதுக்கு இருக்குது? நான் பார்த்துக்கறேன்.”

முதலில் தந்தி. மூன்று பக்க விளக்கத்தோடு தபால் நிலையத்துக்குப் போனார். குமாஸ்தா அதை வாங்கி, எடை பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஆங்கிலத்தில் போனது இவ்வளவுதான்: ‘பல்லி பொய். கையெழுத்திடு.’

விஞ்ஞானம் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. தந்தி என்றால் சாவு. மாட்டுங்காவில் தந்திச் சேவகனைப் பார்த்ததும் நீலாம்பாள் அழுதாள். அவளைப் பார்த்து மாடி முழுக்க அழுதது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தேவகியின் கணவர் வேணுகோபால். அவர் மில்லில் இருந்தார். அவர் வரும்வரை நான்கு மணி நேரம், தேவகி தன் அண்ணன் செத்துப்போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஜுரம் நூற்று மூன்று.

வேணுகோபாலின் பதில் செவ்வாய்க்கிழமை காலை வந்தது, தந்தியாகவே. இந்திராணி அதைப் பிரிக்காமலே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. தணிகாசலம் எல்லோரையும் அதட்டிவிட்டுப் படித்தார்: ‘தந்தி அனுப்ப வேண்டாம். நேரில் வா.’

“நேர்ல வான்னு இருக்குதுல்ல?” என்றாள் இந்திராணி.

“டிரங்க் கால் போட்டா நேர்ல போன மாதிரிதான்.”

டிரங்க் காலில் மூன்று வகை உண்டு. சாதா, அர்ஜெண்ட், லைட்னிங். லைட்னிங் என்றால் மின்னல். காலை பத்து மணிக்குப் பதிவு செய்த மின்னல் மதியம் மூன்று மணிவரை மின்னவில்லை.

“மெட்ராஸ் குடுத்துட்டாங்க சார். பம்பாய்தான் குடுக்க மாட்டேங்கறாங்க” என்று டெலிபோன் ஆபரேட்டர் மங்கையர்க்கரசி ஆறுதல் சொன்னாள். சந்திரனிலிருந்து பேசியதே பூமியில் தெளிவாகக் கேட்டது என்று போன வாரம்தான் அவர் வகுப்பில் சொல்லியிருந்தார்.

ஒருவழியாகக் கிடைத்தது. மாட்டுங்கா வீட்டுக்குக் கீழே இருந்த ஓட்டல் போன். தேவகியால் படியிறங்க முடியவில்லை. நீலாம்பாள் வந்திருந்தாள்.

“ஹலோ! யாரு, தேவகி அண்ணனா? பேசுங்கண்ணா!”

தணிகாசலம் தன் வாழ்க்கையின் முதல் விஞ்ஞான விரோதப் பொய்யைச் சொன்னார். “அவகிட்ட சொல்லுங்கம்மா. நான் தொட்டுட்டேன்.”

“என்னாது?”

“தொட்டுட்டேன்!”

“கேக்கலண்ணா! எதை?”

“பல்லியை! பல்லியைத் தொட்டுட்டேன்!”

தபால் நிலையக் கூண்டின் கண்ணாடி போன வருஷமே உடைந்துவிட்டிருந்தது. மணியார்டர் வரிசையில் நின்ற இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர்கள் நால்வரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

“இப்டிச் சொல்வீங்கன்னு தேவகி ஒண்ணு கேக்கச் சொல்லிச்சுண்ணா. பல்லிக்குப் பக்கத்துல என்னா இருக்குது?”

நாற்பத்திரண்டு வருஷமாக அதே ஊரில் இருப்பவர். ஒருநாளும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“பக்கத்துல... சுவரு.”

“சூரியனும் சந்திரனும் இருக்குதாம்ணா” என்றாள் நீலாம்பாள். குரல் இறங்கியிருந்தது. “நீங்க தொடலன்னு போய்ச் சொல்ல எனக்கு மனசு வரல. சோறு உள்ள போயி ரெண்டு நாளாச்சு அதுக்கு. நீங்க வாங்கண்ணா.”

“மூணு நிமிஷம் ஆச்சு சார்” என்றாள் மங்கையர்க்கரசி.

புதன்கிழமை காலை, கோயில் நடை திறந்ததும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் பல்லி இருக்கும் இடத்துக்குப் படியேறினார். மேலே சூரியனும் இருந்தது, சந்திரனும் இருந்தது. கை பாதி உயர்ந்து நின்றது.

“கூச்சப்படாதீங்கோ சார்” என்றார் பக்கத்தில் நின்ற கோயில் ஆள். “போன வருஷம் உங்க பிரின்ஸிபாலே வந்தார்.”

தணிகாசலம் தொட்டார். வாலிலிருந்து தலைவரை, இரண்டு தரம்.

கீழே இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்து வலது கையில் சுற்றிக்கொண்டார். ஆய்வகத்தில் கண்ணாடிக் குச்சியைத் தேய்க்க வைத்திருந்தது. பட்டு மின்சாரத்தைக் கடத்தாது. புண்ணியத்தையும் கடத்தாது என்பது அவர் அனுமானம். கூட்டத்துக்கு வர இயலாது என்று கல்லூரிக்குச் சீட்டு அனுப்பிவிட்டு அன்று சாயங்காலமே மெட்ராஸில் பம்பாய் மெயில் ஏறினார்.

வழியெல்லாம் அந்தக் கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

“தீக்காயமா சார்?” என்றார் எதிர் இருக்கைக்காரர்.

“ஆமாம்.”

தயிர்ச்சாதத்தை இடது கையால் சாப்பிட்டார். குண்டக்கல்லில் ஏறிய ஒரு கைக்குழந்தை பளபளப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பட்டைப் பிடிக்கத் தாவியது. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். இருப்பதே கொஞ்சம். யாருக்கும் பங்கு போகக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாடிப்படி நெடுக செருப்புகள் கிடந்தன.

வேணுகோபால் வாசலில் உட்கார்ந்திருந்தார். “தந்தி கிடைச்சுதா மச்சான்?”

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தணிகாசலம் எந்தத் தந்தியையும் பார்க்கவில்லை. நேற்று அது அவருக்கு எதிர்த் திசையில், கம்பி வழியாக, ஒரு தாமதமும் இல்லாமல் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“புதன்கிழமை கட்டி உள்ளாறயே உடைஞ்சுடுச்சு. அவசரமா அறுத்தாங்க. நேத்து சாயங்காலம்...” வேணுகோபால் அதற்கு மேல் சொல்லவில்லை. “நீங்க பார்க்கணும்னுதான் எடுக்காம வச்சிருக்குது.”

உள்ளே தேவகியைக் கிடத்தியிருந்தார்கள். எட்டு வருஷத்தில் இவ்வளவு மெலிந்திருப்பாள் என்று எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். அவள்தான் நீலாம்பாள்.

தணிகாசலம் உட்கார்ந்தார். பட்டுத்துணியின் முடிச்சை இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்தார். இரண்டு நாளாக ஒருவரையும் தொடாத கையைத் தங்கையின் உச்சந்தலையில் வைத்தார். வைத்த கையை எப்போது எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“இந்தத் தடவை பொய் இல்லம்மா” என்றார், நீலாம்பாள் பக்கம் திரும்பாமல். “நிஜமாவே தொட்டுட்டுத்தான் வந்தேன். நேரத்துக்குத் தொட்டிருந்தா அந்தத் தாளுல தைரியமாக் கையெழுத்துப் போட்டிருப்பா.”

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“கையெழுத்து போன வாரமே போட்டாச்சுண்ணா, பல்லியும் எதுவும் விழல. ‘சும்மா வான்னு கூப்ட்டா எங்கண்ணன் காயிதம்தான் போடும், பல்லின்னு எழுதுக்கா, திட்றதுக்காவது நேர்ல வரும்’னு அதுதான் எழுதச் சொல்லிச்சு.”