படிக்கக் கூடாத பலகை

மனிதன் எழுத்தைக் கண்டுபிடித்த பிறகு உலகில் நடந்த மாபெரும் நிகழ்ச்சி, ஒரு குழாய்க்கடை வாசலில் காலை ஒன்பது மணிக்கு நடந்தேறியது. இருபதடிப் பெயர்ப்பலகையை மூடியிருந்த துணி விலக்கப்பட்டது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எழுத்தை வரைந்தவருக்கு அலுவலகத்தில் 'சுழி' என்று பெயர். மூன்று வருடம் முக்கி முனகி அவர் பெற்றெடுத்த அலங்கார எழுத்துரு அது. முந்தின இரவு, கடைசி நேர அவசரத்தில், கணினியில் இருந்ததை அப்படியே பலகைக்கு அச்சடிக்க அனுப்பியவரும் அவரே. எழுத்துக்கு எழுத்து கொடி, வால், கொண்டை. தன் பாட்டுக்கு மூலையில் நிற்கும் பரம சாதுவான 'ட'கூட அவர் கையில் சிக்கி, தோகை விரித்து ஆடியது.

கடை அவர் மனைவியின் அண்ணனுடையது. பத்து மணிக்குத் திறப்பு. இந்தப் பலகையும் ஊற்றிக்கொண்டால், எழுத்து வரைவதை மூட்டை கட்டிவிட்டு அண்ணன் கடையிலேயே குழாய் விற்கப் போக வேண்டியதுதான் என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

மைத்துனர் பலகையை அண்ணாந்து பார்த்து உருகினார். கடைக்குத் தன் பெயரையே வைத்திருந்தார்.

"என் பேரோட முதல் எழுத்து என்னமா நெளியுது மாப்பிள்ளை. ஆனா ஒருத்தருக்கும் படிக்க வரலையே."

"இதைப் படிக்கக் கூடாது மச்சான். ரசிக்கணும்."

"ரசிக்கிறவன் ரோட்டுல நிப்பான். வாங்குறவன் உள்ள வரணுமே."

எழுத்து எடுப்பாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி, சுழி ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு ஸ்டிக்கரில் கரை கட்டினார். ஒரு கொடி இருந்த இடத்தில் இப்போது மூன்று கொடிகள். வழியே போன அம்மாள் ஒருத்தி, நூடுல்ஸ் கடை எப்போது திறக்கும் என்று விசாரித்தாள்.

வெளிச்சம் போதவில்லை என்று மஞ்சள் விளக்கு போட்டார். எழுத்தெல்லாம் எண்ணெயில் புரட்டி எடுத்ததுபோல் மினுமினுத்தது. மூன்று பேர் உள்ளே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிளேட் நூடுல்ஸ் கேட்டார்கள்.

"இன்னும் பத்து நிமிஷம் மாப்பிள்ளை. தங்கச்சி வேற வந்துட்டிருக்கா," என்றார் மைத்துனர், குரலைத் தாழ்த்தி.

வேறு வழியில்லை. சுழி பிளேடோடு ஏணியில் ஏறினார். பெற்ற பிள்ளைக்குத் தானே கிராப்பு வெட்டுகிற வேதனையோடு, கொடிகளையும் வால்களையும் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். 'ட'வின் தோகையை எடுக்கும்போது கண் கலங்கியது. மைத்துனர் கீழே நின்று, விழுந்ததையெல்லாம் பயபக்தியோடு பொறுக்கினார்.

மணி பத்து. மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஏணியில் பலகையோடு மூக்கு உரச நின்றிருந்த சுழிக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எதிர்க் கட்டட வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இப்போதாவது படிக்க முடிகிறதா என்று கேட்டார்.

வாட்ச்மேன் நாலடி பின்னால் போய், நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா படிக்க முடியுது சார். 'உங்கள் கடையின் பெயர் இங்கே வரும்'னு போட்டிருக்கு."