கட்டிய கத்தரியும் கட்டாத வாயும்

நவம்பரில் ஓநாய்க்குப் பயந்து அனுசரிக்கும் ‘ஓநாய் நாட்கள்’ வந்துவிட்டால், எங்கள் பல்கேரிய மலைக்காரர்கள் கத்தரிக்கோலை மூடிச் சிவப்பு நூலால் கட்டிவைப்பார்கள். கத்தரியின் வாய் மூடினால் ஓநாயின் வாயும் மூடிக்கொள்ளுமாம். அந்த வருடம் மந்திர நூல் விற்க ஸ்டாமென் என்பவர் வந்து இறங்கினார். சந்தைத் திடலில் எள் போட்டால் எள் விழாது.

"ஓநாய் வாய் மட்டுமில்ல, உங்க நாய்ங்களுக்கு வர்ற இருமல் நோயும் கட்டுப்படும்!" என்றார். போதாதா? நூல் பறந்தது.

பக்கத்திலேயே நான் தடுப்பூசிப் பெட்டியோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓநாயைக் காப்பாற்றப் போகிறேன் என்று கால்நடை மருத்துவம் படித்தவன் நான். நேரில் கண்டதென்னவோ ஓநாயின் விட்டையை மட்டும்தான். அதைக் கிளறியே டாக்டர் பட்டமும் வாங்கினேன். மந்தை நாய்களின் இருமல் நோய் காட்டுக்குப் போய் ஓநாய்க் குட்டிகளைக் கொல்கிறது. நாய்க்கு ஊசி போட்டால் குட்டிகளும் பிழைக்கும். இதை யார் கேட்டார்கள்?

"நூல் இருக்கறப்ப ஊசி எதுக்கு, டாக்டர் தம்பி?" என்றாள் ஆட்டுக்காரி தோன்கா.

ஸ்டாமென் வித்தையைத் தொடங்கினார். கத்தரி திறந்திருந்தது. வலது பையிலிருந்து கறியை எடுத்துப் போட்டார். அவருடைய நாய் லபக்கென்று விழுங்கியது. பிறகு கத்தரியைக் கட்டினார். இடது பையிலிருந்து கறி வந்தது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

விஞ்ஞானி நான் என்ன செய்தேன்? வாயைப் பிளந்தேன். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது; மூளையும்தான். இதைக் கட்டுரையாக எழுதினால் உலகப் புகழ்! தலைப்புகூட யோசித்துவிட்டேன். ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்ததை எழுதினால் எவன் அச்சிடுவான்?

"அண்ணே, இன்னொரு தடவை காட்டுங்க. கறி என்னுது" என்று என் மதியச் சாப்பாட்டு சாசேஜை நீட்டினேன்.

"வேணாம் தம்பி, மந்திரம்..."

அதற்குள் நாய் சாசேஜை முடித்துவிட்டு, கட்டிய கத்தரியையும் நக்கியது.

"படிச்சவன் கை பட்டா மந்திரம் முறிஞ்சிரும்!" என்று அலறினார் ஸ்டாமென்.

தோன்கா அவருடைய இடது பைக்குள் கையை விட்டுக் கறியை எடுத்து மோந்தாள். "வினிகர் நாத்தம் குடலைப் புடுங்குது! இதை எந்த நாய் தொடும்? போன வருஷம் ஒரு நாய் இருமி இருமியே செத்துச்சு. இருக்கற ஒண்ணையும் கொல்லப் பாத்தியா? இந்தா, இதை நீயே தின்னு!"

ஸ்டாமென் எடுத்த ஓட்டத்தை எந்த ஓநாயாலும் பிடித்திருக்க முடியாது.

ஊசிக்கு வரிசை நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலில் நின்ற தோன்கா என் காதருகே குனிந்தாள். "ஊசியில அந்த நூலைக் கொஞ்சம் சுத்திக்கோயேன் தம்பி. எதுக்கும் இருக்கட்டும்."

சுற்றினேன். குட்டிகள் பிழைக்க வேண்டுமே!

கத்தரியைக் கட்டுங்கள், ஐயா, குற்றமில்லை. மூளையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். டாக்டர் பட்டம் வாங்கிய என் மூளைக்கட்டை அவிழ்க்கவே ஒரு நாய் வரவேண்டியிருந்தது!