ரூனாவைத் தூக்கி வீச இன்னோர் ஆள் தேவை

ஸ்வென்போர்,
27 ஏப்ரல் 2020, திங்கட்கிழமை.

ஓடன்ஸ நகரத்து மருத்துவமனையில் கொள்ளைநோயைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வீராங்கனையும், என் அக்கா பெற்ற ஒரே முத்துமான மருமகள் மைபிரிட்டுக்கு, தீவுப் படகில் முப்பத்தெட்டு வருடம் அலைகளை ஆண்ட (சரி, டிக்கெட் கிழித்த) உன் தாய்மாமன் தோர்கில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவது.

இங்கே உன் மகள் ரூனா சுகம். நானும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. உடம்பைப் பொறுத்தவரை அப்படித்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பசிக்கு ஒரு குறையும் இல்லை. என் மானத்துக்குத்தான் மூச்சுத் திணறுகிறது, அதற்கு உங்கள் வார்டில் கட்டில் உண்டா என்று தெரியவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். படம் தெரிகிற அந்தப் போனில் உன் கன்னத்தில் முகக்கவசம் அழுத்திய கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிற துணிச்சல் எனக்கு மட்டுமல்ல, மூன்று கடல்கொள்ளைக்காரர்களைச் சேர்த்துக் கட்டினாலும் வராது. கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதுவரை கிழிக்காமல் படி. அப்புறம் கிழிக்கலாம், இரண்டு முறை கிழிக்கத் தோதாகத் தடித்த தாளில்தான் எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், ஏப்ரல் பதினைந்தாம் தேதி முள்ளெலி மழலையர் பள்ளி திறக்கிறது, ரூனாவை அனுப்பிவையுங்கள் என்று நீ போனில் சொன்னாய். மே ஒன்றாம் தேதி அவள் பெரிய பள்ளிக்குப் போய்விடுவாள், முள்ளெலியில் அவளுக்கு மிச்சம் இருப்பதே இரண்டு வாரம் என்றாய். “நான் நல்லா யோசிச்சுட்டேன் மாமா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் அனுப்புங்க” என்றாய். நானும் ஆகட்டும் என்று கம்பீரமாகத்தான் சொன்னேன். பதினைந்தாம் தேதி காலை அவளுக்குக் கறுப்பு ரொட்டியில் ஈரல் பசை தடவிப் பையில் வைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம்தானே முள்ளெலி. வேலியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. தலைமை ஆசிரியை பென்டே மஞ்சள் சட்டையில் போர்முனைத் தளபதி மாதிரி வாசலில் நிற்கிறாள். பெற்றோர் யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டுப் பொம்மை கூடாது, வந்ததும் கை கழுவு, போகும்போது கை கழுவு, நடுவில் மூக்கைத் தொட்டால் மறுபடியும் கழுவு. இதையெல்லாம் கண்ட எனக்கு அந்தத் தோட்டம் முழுவதும் கிருமி ஆனை ஆனையாக மேய்வது போலத் தெரிந்தது. திரைச்சீலையை இழுத்து மூடினேன். முள்ளெலி இன்னும் திறக்கவில்லை என்று ரூனாவிடம் சொன்னேன். அப்போது பார்த்து எதிரே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள். அது என்ன சத்தம் என்று கேட்டாள். கடல்காகம் என்றேன். இந்த வருடம் கடல்காகம் ஜாஸ்தி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மைபிரிட், இதற்கு மேல் எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன். அன்றிலிருந்து நீ போன் செய்தபோதெல்லாம், முள்ளெலியில் இன்று நன்றாக விளையாடினாள் என்று சொன்னேனே, அவளுடைய ரப்பர் பூட்ஸைத் தூக்கிக் காட்டினேனே, எவ்வளவு மண் பாருங்கள் என்று நீகூடச் சிரித்தாயே, அந்த மண் ஊருக்கு வெளியே என் தோட்டத் துண்டிலிருந்து நான் வாளியில் கொண்டுவந்த மண். பால்கனியில் வைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் நானே பூட்ஸுக்குப் பூசினேன். இடது பூட்ஸில் கொஞ்சம் அதிகமாக, ஏனென்றால் அவள் இடது காலைத்தான் இழுத்து நடப்பாள். காலுறைக்குள் ஒரு கரண்டி மணல். மழலையர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் காலுறையில் மணல் இல்லாவிட்டால் எந்தத் தாய் நம்புவாள்? ராஜாங்க ஓவியர்கள்கூட ஒரு சித்திரத்துக்கு இத்தனை சிரத்தை காட்டியிருக்க மாட்டார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் பொய்யன். நான் அதற்கும் மேலே ஏறினேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்த தாய் தகப்பன்மார் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பாவம், அவர்களில் பலருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. ஒருத்தியின் குழந்தைக்கு நெஞ்சில் கோளாறு, ஒருவரின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நல்லவர்களுக்கு நடுவில் உன் மாமன் நான் ‘கடலோடி தோர்கில்’ என்ற பெயரில் போய் உட்கார்ந்தேன். புயலில் பிள்ளைகளைக் கரைசேர்த்த மாலுமி நான், அலை அடங்காமல் படகை இறக்காதே என்று எழுதினேன். ஒரே காலையில் நூற்றுப்பன்னிரண்டு பேர் இதயப் படம் போட்டார்கள். என் வாழ்நாளில் எனக்கு நூற்றுப்பன்னிரண்டு பேர் வணக்கம்கூடச் சொன்னதில்லை. தலைக்கு ஏறிவிட்டது. முள்ளெலியில் இடைவெளி விதி மீறப்படுகிறது, ஆதாரத்தோடு வருவேன் என்று சபதம் செய்தேன். ரூனா கூடத்தில் படம் வரைந்துகொண்டிருக்க, நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் பைனாகுலரோடு, ஜன்னல் விளிம்பில் இருந்த துளசி வாடி மட்கும்வரை ஒரு வாரம் காவல் இருந்தேன். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஐந்தைந்து பேராக, தனித்தனிக் குழியில், தனித்தனி வாளியோடு மண் தோண்டினார்கள். அவ்வளவு ஒழுங்கைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன வியாழக்கிழமை கிடைத்தது. எதிர்வீட்டு யெப்பேயின் மகன் வில்லாஸுக்கு அன்று முள்ளெலியில் கடைசி நாள். அவன் பெரிய பள்ளி வேறு ஊரில், ஒரு வாரம் முன்னாலேயே போகிறான். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளையை வழிவழியாக என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையை ஒருத்தி, காலை ஒருத்தி பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டி, ஜன்னல் வழியாக வெளியே மெத்தையில் வீசினார்கள். உன்னையும் இதே ஜன்னல் வழியாகத்தான் வீசினார்கள். மெத்தை ஓரத்தில் நின்று உன் அம்மா அழுதாள், நான் கை தட்டினேன். ஆக, அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. தெரிந்தேதான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் இரண்டு ஆசிரியைகள், நடுவில் ஒரு பிள்ளை, இரண்டு மீட்டர் எங்கே போச்சு என்று கேட்கலாம். ஆனால் கீழே நீல மெத்தையும் தெரிந்தது. மெத்தை தெரிந்தால் ஊரே சிரித்துவிட்டுப் போய்விடும். அதனால் நான் படத்தின் கீழ்ப்பாகத்தை வெட்டினேன். விரலால் ஒரே இழுப்பு. மெத்தை போய்விட்டது, இரண்டு பெண்கள் ஒரு குழந்தையை ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்கள். அதைக் குழுவில் போட்டேன், நகராட்சிக்கும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமையே நகராட்சி பேசிவிட்டது. ஆசிரியைகள் இனி எந்தப் பிள்ளையையும் தூக்கி வீசக்கூடாது. மிச்சம் ஏழு பிள்ளைகள் இந்த வருடம் நடந்தே வெளியே வரட்டும்.

ஏழில் ஒருத்தி ரூனா. உனக்குத் தெரியுமே, அவள் மூன்று வயதிலிருந்து இந்த வீச்சுக்குக் காத்திருக்கிறவள். என் குளிர்பெட்டிக் கதவு முழுக்க அவள் வரைந்த ஜன்னல்களும் நீல மெத்தைகளும்தான். ஒன்றில் அவள் மேகத்துக்கு மேலே பறக்கிறாள், கீழே குண்டாக ஒரு பூசணிக்காய் கை தட்டுகிறது. அது நான்தானாம்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். வாசலில் வரிசை. எங்களுக்கு இரண்டு மீட்டர் முன்னால் யெப்பேயும் வில்லாஸும். அந்தப் பயல் திரும்பிப் பார்த்து, “ரூனா, என்னை வீசிட்டாங்க. உன்னை வீச மாட்டாங்க. யாரோ ஒரு கிழவன் மாட்டிவிட்டுட்டான்னு பென்டே அப்பாகிட்ட சொன்னா” என்றான். ரூனா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு தாத்தா அந்தக் கிழவன்?”

“தெரியலையே” என்றேன்.

மைபிரிட், நான் எத்தனையோ பொய் சொன்னவன். சூறாவளியில் படகை ஒற்றைக்கையால் ஓட்டினேன் என்று உன் கல்யாணத்தில் சொன்னேன். சுறாமீனை டிக்கெட் இல்லாததற்காக இறக்கிவிட்டேன் என்று உன் சின்ன வயதில் சொன்னேன். அவை எல்லாம் சொல்லும்போது இனித்தன. இந்த ஒற்றைச் சொல் வாய்க்குள் சோப்பு மாதிரி நுரைத்தது. வாங்கிய ரொட்டியைக் கடை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை, கூடத்தில் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தக் கிழவன் நான்தான் என்றேன். முள்ளெலி திறந்து பத்து நாள் ஆகிறது என்றும், கடல்காகம் பொய் என்றும் சொன்னேன்.

“அது தெரியும். கடல்காகம் ‘என் வாளியக் குடு’ன்னு கத்தாது” என்றாள்.

தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ பயந்துபோன மாதிரி இருந்த” என்றாள். பிறகு எழுந்து போனாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த படங்களில் பூசணிக்காய் இருந்த படத்தை மட்டும் உரித்து எடுத்து, என்னை விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டாள். படம் வெட்டுவதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. வெட்டிப்போட்ட பூசணிக்காய் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்று காலை அவளைக் கையைப் பிடித்து முள்ளெலிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட வட்டங்களில் பெற்றோர் நின்றார்கள். ஒரு வட்டத்தில் நின்று, படகில் அறிவிப்புச் செய்கிற குரலை எடுத்து, படம் பிடித்தவன் நான், மெத்தையை வெட்டியவனும் நான் என்றேன். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பென்டே கைகளைச் சட்டையில் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தக் கைகளை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கழுவிக் கழுவி முழங்கை வரை சிவந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடந்தன. பைனாகுலரில் அது தெரியவில்லை.

“உங்க வீட்டு ஜன்னல்ல பத்து நாளா ஏதோ மின்னுச்சு. கண்ணாடி டம்ளர்னு நெனச்சேன்” என்றாள். பிறகு ரூனாவிடம் குனிந்து, உன் பை மாட்டுகிற கொக்கி அப்படியே இருக்கிறது, போய் மாட்டு என்றாள். ரூனா என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீச்சுக்கு என்ன வழி என்று நான் கெஞ்சினேன். பென்டே நகராட்சிக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் வாதாடி, ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆசிரியைகள்தான் தொடக்கூடாது. வீட்டு மனிதர்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே தூக்கி வீசிக்கொள்ளலாம், தோட்டத்து வாசலில், ஒவ்வொரு வீச்சுக்கும் மெத்தையைத் துடைத்துவிட்டு. மற்ற ஆறு வீட்டிலும் அம்மாவும் அப்பாவுமாக வருகிறார்கள். ரூனாவின் அப்பன் வடகடலில் எண்ணெய் மேடையில் மாட்டிக்கொண்டிருக்கிறான், ஜூன் வரை வரமுடியாது. நான் ஒருவனே வீசிவிடுகிறேன் என்று மார்தட்டினேன்.

வேலைக்குக் கிளம்பிய வழியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யெப்பே சிரித்தான். “ஒத்த ஆளு தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு வீசுறது இல்ல, மூட்டை இறக்குறது. அதுவும் உங்க இடுப்புக்கு, மெத்தையில நீங்கதான் விழுவீங்க.”

ஆகவே, மருமகளே, வேண்டுகோள் இதுதான். வார்டில் உன் முறை செவ்வாய்க்கிழமை முடிகிறது, பரிசோதனை முடிவு புதன்கிழமை வரும், வெள்ளிக்கிழமை வந்து மகளை அழைத்துக்கொள்கிறேன் என்றாய். ஒரு நாள் முன்னால் வா. வியாழன், பகல் இரண்டு மணி, முள்ளெலி வாசல். கையை நீ பிடி, காலை நான் பிடிக்கிறேன். இனி என்னை நம்பி ரூனாவை ஒரு மணி நேரம்கூட விடமாட்டேன் என்று நீ முடிவு செய்தால் அது நியாயம், நான் வாதாட மாட்டேன். அதை வியாழக்கிழமை மூன்று மணிக்கு என் முகத்துக்கு நேரே சொல். இரண்டு மணிக்கு மட்டும் வந்துவிடு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் ரூனா கல்யாணத்துக்குத்தான் வந்து சேரும். அதனால் தினமும் வேலைக்கு ஓடன்ஸ வரும் யெப்பேயிடம் கொடுத்தனுப்புகிறேன். மருத்துவமனை வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். “படிக்க மாட்டேன். ஆனா நாலு பக்கத்துக்குக் கொறைஞ்சா கொண்டு போக மாட்டேன்” என்றான். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஐந்து வருகிறது.

நோயாளிகள் எல்லாரும் உன் கையால் எழுந்து நடக்கட்டும். உன் கன்னத்துக் கோடு சீக்கிரம் மறையட்டும். வடகடல் காற்று உன் புருஷனை முழுசாகத் திருப்பித் தரட்டும்.

இப்படிக்கு,
கடலோடி என்ற பட்டத்தை இன்று காலை துறந்த உன் மாமன்,
தோர்கில்.

பி.கு.: மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். மண், மெத்தை, ரொட்டிக்கடை எல்லாம் நடந்தபடிதான். தோட்டத்தில் கிருமி ஆனை ஆனையாக மேய்ந்தது என்று எழுதினேன் பார், அந்த இடம் மட்டும் பொய். கிருமியின் நினைப்பு எனக்கு வந்ததே பத்து மணிக்கு மேல்தான். ரொட்டியைப் பையில் வைத்தபோது எனக்குத் தோன்றியது வேறு: இவள் போய்விட்டால் சாயங்காலம் வரை இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இருந்தது நிஜமான பயம். நான் அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ரூனா உங்கள் வீட்டுக்குப் போகப் பை கட்டிவிட்டாள். இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அவள் குளிக்கும்போது நான்தான் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். இந்த முறை தொடவில்லை. மேலாக இருக்கும் காலுறையை மெதுவாக எடு, உள்ளே மணல் இருக்கிறது. அது நான் போட்டதல்ல.