நாகப்பன் தெருவில் ஒரு தத்ரூபமான பள்ளம்

பள்ளம் தத்ரூபமாக இருந்தது. வில்லங்கமே அங்கேதான் தொடங்கியது.

காலை ஏழு மணிக்குப் பெயின்ட் காய்ந்தது. ஏழு ஐந்துக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. தெரு நடுவே வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பள்ளத்தைக் கண்டதும், வருகிறவன் அலறிப் பிரேக் பிடித்துப் பூனை மாதிரி நகர்ந்து போவான் என்று கங்காதரன் நினைத்திருந்தார். சென்னையில் பிறந்தவன் பள்ளத்துக்குப் பிரேக் பிடிப்பானா? அவன் நடை பழகியதே பள்ளத்துக்குள்தானே! வேகம் ஒரு நூல் குறையாமல் வண்டியை ஒடித்தான். நடைபாதையில் ஏறினான். திறந்திருந்த கேட் வழியாகக் கங்காதரன் வீட்டுக்குள் புகுந்து, துவைக்கிற கல்லை ஒரு பிரதட்சிணம் செய்து, கொடியில் காய்ந்த வேட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டு, வந்த வழியே வெளியே போய்விட்டான்.

"வேட்டி போச்சு," என்றாள் அவர் மனைவி தேவானை, வாசலில் வாக்கரைப் பிடித்தபடி.

"போனாப் போகட்டும். படத்தைப் பாத்தான்ல? அதைச் சொல்லு."

"பாத்தான். அதனாலதான் நம்ம வீட்டுக்குள்ள வந்தான்."

மந்தைவெளியில் இருக்கிற நாகப்பன் இரண்டாவது குறுக்குத் தெரு, பெரிய ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத அத்தனை பேருக்கும் குறுக்கு வழி. கங்காதரன் வீட்டுக்கு நேர் எதிரே பூங்கா. நடுவில் இருபது அடி தார் ரோடு. அந்த இருபது அடியைத்தான் தேவானையால் தாண்ட முடியவில்லை.

அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். "சமதரையில தினம் அரை மணி நேரம் நடக்கணும். இன்னும் ரெண்டு வாரத்துல நடக்க ஆரம்பிக்கலேன்னா முட்டி அப்படியே இறுகிடும். அப்புறம் நானே வந்து கெஞ்சினாலும் மடங்காது," என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நடக்கலாமென்றால், ஏழாவது எட்டில் கொல்லைச் சுவர். நடைபாதையில் நடக்கலாமென்றால், அங்கே நிற்கிற வண்டிகளைத் தாண்ட ஹைஜம்ப் தெரிந்திருக்க வேண்டும். மிச்சமிருப்பது பூங்கா.

தினமும் காலையும் மாலையும் அவள் கேட்டுக்கு வருவாள். ஒரு காலை ரோட்டில் வைப்பாள். விர்ரென்று ஒன்று போகும். காலை எடுத்துக்கொள்வாள்.

"எதிர்ல இருக்கிற பூங்காவுக்குப் போறதுக்குள்ள நான் காசிக்கே போய்ட்டு வந்துடுவேங்க," என்பாள்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. தெருமுனையில் தேர் மாதிரி அசைந்து திரும்புகிற வண்டிகூட, கங்காதரன் வீட்டை நெருங்கியதும் ராக்கெட்டாகிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ரோடு கால் அங்குலம் சரிவு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். வேகத்தடை கேட்டு வார்டு ஆபீசுக்கு மூன்று வருடமாக மனு போட்டார். ஆம்புலன்ஸ் குலுங்கும் என்று மூன்று வருடமாகப் பதில் வந்தது. "நீ என்ன போடறது, நானே போட்டுக்கறேன்," என்று கிளம்பியவர்தான் பள்ளம் வரையச் சொன்னார்.

கங்காதரன் சாதாரண ஆளில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரி. அவர் காலத்தில் அங்கே ஒரு தொழிலாளிக்குக்கூட விரல் போனதில்லை. காதுதான் போனது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தச் சேவையை அவர் நிறுத்தவில்லை. கழுத்தில் விசில், கையில் தோல் பெட்டி, பெட்டிக்குள் விபத்துச் சார்ட்டுகள் என்று காலை முதல் மாலை வரை வாசலில்தான் நிற்பார்.

அன்று பள்ளத்தைக் கண்டு வண்டியை ஒடித்த இன்னொரு இளைஞன் நடைபாதையில் சரிந்து விழுந்தபோதுகூட முதலில் ஓடியவர் அவர்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம். ஏன் விழுந்தோம்னு நினைக்கறீங்க?"

"முட்டில ரத்தம் வருது சார்..."

"அது விளைவு. நான் காரணத்தைக் கேக்கறேன். மொத்தம் அஞ்சு காரணம்..."

நான்காவது காரணத்துக்கு வருவதற்குள் ரத்தம் தானாகவே உறைந்துவிட்டது.

"எம்மாம் பெரிய பள்ளம்!" என்று கூவிக்கொண்டே, மீன்கூடை கட்டிய மொபெட்டில் நொச்சிக்குப்பத்துத் தேசம்மாவும் பறந்தாள்.

"தேசம்மா, ஒரு நிமிஷம்! அந்தக் கூடையை நீ கட்டியிருக்கிற விதம்..."

"மீனு நாறிடும் நைனா!" என்ற குரல் மட்டும் மிஞ்சியது.

மத்தியானம் ஒரு லாரி தார் வந்து இறங்கியது. பள்ளமென்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர் சுற்றி நின்று கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, பள்ளத்துக்கு அடி தெரியல!"

"அடி எப்டிரா தெரியும்? பள்ளமே இல்லியேடா!"

ஆனாலும் புகாரை மூடியாக வேண்டுமே! பள்ளத்தின்மேல் தாரை ஊற்றி, வழவழவென்று தேய்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து வண்டிகள் அந்த இடத்தில் இன்னும் சுகமாகப் பறந்தன.

"நமக்குக் கெடச்சிருக்கிற ஒரே நல்ல ரோடு உங்களாலதான்," என்றாள் தேவானை.

கங்காதரன் அசரவில்லை. பள்ளம் வரைந்த ஓவியர் நெடுஞ்செழியனை மறுபடி கூப்பிட்டார்.

"பள்ளத்துக்குப் பயப்படாதவன் போலீசுக்குப் பயப்படுவான். பூங்காச் சுவத்துல ஆள் உசரத்துக்கு ஒரு டிராஃபிக் போலீஸ் வரைங்க."

"ஜோரா வரைஞ்சுடலாம் சார்."

நெடுஞ்செழியன் இருபது வருடமாகத் தேர்தல் சுவர்களில் தலைவர்களை வரைந்து வருகிறவர். கங்காதரன் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். மாலையில் போய்ப் பார்த்தால், காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்ற போலீஸ்காரர் இரண்டு கைகளையும் கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இவர் ஏன்யா கும்பிடறாரு?"

"இன்னா சார் பண்றது, தோள்பட்டைக்குக் கீழ வந்தா கை தானா அப்டித்தான் போவுது."

தூரத்திலிருந்து பார்த்தால் காக்கிதானே தெரியும் என்று கங்காதரன் சமாதானமானார். தெரிந்தது. ஹெல்மெட் இல்லாதவர்கள், மூன்று பேராக வந்தவர்கள், லைசென்ஸை வீட்டில் வைத்தவர்கள், லைசென்ஸே எடுக்காதவர்கள் என்று தெருவில் வந்த பாதிப் பேர் காக்கியைக் கண்டதும் நடுரோட்டிலேயே திரும்பி, வந்த வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் எதிர்த்திசையில் ஓடினார்கள். இதுவரை ஒரு பக்கமிருந்து வந்த சாவு இப்போது இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

"முன்னெல்லாம் வலது பக்கம் மட்டும் பாத்தாப் போதும். இப்ப என் கழுத்துக்கும் ஆபரேஷன் பண்ணணும்போல இருக்கு," என்றாள் தேவானை.

டாக்டர் சொன்ன கெடுவில் ஐந்து நாள் போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவள் முட்டியை மடக்கப் பார்ப்பதையும், மடங்காமல் உதட்டைக் கடிப்பதையும் கங்காதரன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நேராக நெடுஞ்செழியனுக்குப் போன் போட்டார்.

"போலீசை அழிச்சுட்டுப் பிள்ளையார் போடுங்க. தெய்வத்துக்காவது மெதுவாப் போவான்."

பிள்ளையார் வந்தார். தும்பிக்கை அழகு, தொந்தி அழகு. கை மட்டும் கூப்பியிருந்தது.

சென்னையில் வண்டி ஓட்டுகிறவன் கோயிலைக் கடந்தால் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்வான். அது எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத சட்டம். ஆனால் பிள்ளையாரே நம்மைக் கும்பிட்டால் என்ன செய்வது? ஒரு கையால் பதில் சொன்னால் மரியாதையா? ஆகவே பக்தர்கள் ஹேண்டிலை விட்டு இரண்டு கைகளையும் எடுத்தார்கள். உருக்கம் மிகுந்தவர்கள் கண்ணையும் மூடினார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டோக்காரர் குலாம் முகம்மது சுவரில் முட்டி நின்றார்.

"முன்னாடி போறவன் ரெண்டு கையையும் விட்டுட்டான் சார், கண்ணையும் மூடிக்கினான். நான் எந்தப் பக்கம்னு ஒடிக்கறது?"

"பாய், ஒரு நிமிஷம். இதுல அஞ்சு காரணம்..."

"ஸ்கூல் சவாரி சார்!" என்று குலாம் முகம்மது நசுங்கிய ஆட்டோவோடு பறந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. சாலையோர ஓவியங்கள் ஓட்டுநர் கவனத்தைச் சிதறடித்துப் பாதுகாப்புக்குக் கேடு விளைவிப்பதால், வெள்ளிக்கிழமைக்குள் அழிக்காவிட்டால் வார்டு ஆபீசே அழித்துவிடும்.

"பாதுகாப்பைப் பத்தி எனக்கா நோட்டீஸ்?" என்று கங்காதரன் போட்ட கூச்சலில் பூங்காவில் இருந்த காக்கைகள் அடையாறு வரைக்கும் போய்த்தான் உட்கார்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்கங்க?" என்றாள் தேவானை.

"ஆபீசுக்கு. படம் இருக்கும்னு எழுதிக் கையில குடுக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். டாக்டர் சொன்ன கெடுவுக்குள்ள நீ அந்தப் பூங்காவுல நடக்கற. இல்லேன்னா என் பேரு கங்காதரன் இல்ல."

உதவிப் பொறியாளர் அன்புச்செல்வி நல்ல பெண்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"சார், நீங்க படம் போட ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த இடத்துல ஒம்போது பேர் விழுந்திருக்காங்க."

"விழுந்த ஒம்போது பேரும் அதுக்கப்புறம் மெதுவாத்தானேம்மா போனாங்க? வேகம் குறைஞ்சுதா இல்லையா?"

"கோர்ட்டுக்குப் போனா இது நிக்காது சார்."

"நான் நிப்பேன். அழிக்கணும்னா முதல்ல என்மேல கறுப்புப் பெயின்ட் அடிங்க. அப்புறம் சுவத்துக்கு வாங்க. ஒரு நிமிஷம்மா, விபத்துங்கறது என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்..."

பெட்டி திறந்தது. சார்ட்டுகள் விரிந்தன. இரண்டாவது காரணத்தில் எழுத்தர் டீ குடிக்கப் போனார். மூன்றாவதில் டைப்பிஸ்ட் போனார். நான்காவதில் வாட்ச்மேனே கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். ஐந்தாவது தொடங்கியபோது அன்புச்செல்வி சட்டென்று எழுந்தார்.

"சார், நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்! நீங்க வர வேணாம், இங்கயே இருங்க!"

"ஆர்டர் வாங்காம நான் எங்கம்மா போகப் போறேன்?"

அவர் போய் மூன்று மணி நேரம் ஆயிற்று. காலி ஆபீசில் கங்காதரன் மலைபோல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த அன்புச்செல்வியின் முகத்தில் பேயறைந்த திகைப்பு.

"சார், என்னால நம்பவே முடியல. மூணு மணி நேரம் உங்க வீட்டு எதிர்ல நின்னு வேகத்தை அளந்தேன். ஒரு வண்டிகூட இருபதைத் தாண்டல. லாரிக்காரன்கூட மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போறான். நீங்க சொன்னது சரிதான் போலிருக்கு. படம் இருக்கட்டும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டார்.

கங்காதரன் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, மிதந்து போனார். தெருவுக்குள் நுழைந்ததும் கண் கலங்கிவிட்டது. வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் போய்க்கொண்டிருந்தன. எதிரே பூங்காவில் தேவானை வாக்கரோடு நடந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே, மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, தேசம்மா பேச்சுத் துணைக்கு நடந்தாள்.

"மூணாவது ரவுண்டுங்க!" என்று தேவானை கத்தினாள். "நானே தனியா ரோட்டைத் தாண்டி வந்தேன். ஒரு தண்ணி லாரி எனக்காக நின்னு வழி விட்டுது!"

கங்காதரன் ஆர்டரைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தார். "மூணு வருஷமா மனு போட்டேன், எவனும் கேக்கல! வரைஞ்சா பைத்தியம்னீங்க! இப்ப யாரு ஜெயிச்சா? இப்பச் சொல்லு தேசம்மா, நீயும் தினம் இந்தத் தெருவுல வண்டி ஓட்டறவ. எது வேலை செஞ்சுது? பள்ளமா, போலீசா, பிள்ளையாரா?"

தேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொம்மையப் பாத்து எவன் நைனா மெதுவாப் போவான்? வாசல்ல நீ நின்னுக்கினு, புட்ச்சி வெச்சு கிளாஸ் எட்த்துடுவியேன்னு பயந்துக்கினுதான் இத்தினி நாளா அல்லாரும் உன் ஊட்டாண்ட வந்தா பறந்துக்கினு இருந்தோம். இன்னிக்கிதான் நீ காலீலயே பொட்டியத் தூக்கினு பூட்டியே!"