அப்பா அழித்த அரைநிலாக்கள்

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மெஷினைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது.

உங்கள் பட்டறையிலிருந்து கொடுத்தீர்களே, இரும்பு சீவும் அந்தப் பழைய மில்லிங் மெஷின், அதைப் பற்றித்தான். வந்து இறங்கிய அன்றே அப்பாவும் பக்கத்து வெல்டரும் அதன் மேல் நகரும் இரும்பு மேசையைத் தூக்கி இறக்கினார்கள். இரும்பின் மேல் இரும்பு நழுவும் தடங்களில், நகம் பதித்தது போல வரிசை வரிசையாக அரைநிலாக்கள். "கீறல் விழுந்த மெஷினை என் தலையில கட்டிட்டான் பாரு உன் தம்பி" என்று அம்மாவிடம் கத்திவிட்டு, மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு, "இதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம்" என்றார். அம்மா குனிந்து பார்த்து, "முகம் தெரியுது. மெஷின் ஓடுமா?" என்றாள்.

ஓடியது மாமா. இடம் வலமாகப் போனால் கிறீச்சிட்டது, முன்னும் பின்னும் போனால் வயிற்றுவலிக்காரர் போல முனகியது. அப்பா டப்பா டப்பாவாக எண்ணெய் ஊற்றினார். எல்லாம் வழிந்து தரைக்குப் போனது. தரை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. வெல்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, உள்ள யாருக்காவது பல்லு புடுங்கறீங்களா?" என்று கேட்டார். அன்றோடு அவருடனும் பேச்சு போயிற்று. உங்களைப் பற்றி, "மெஷின் வாயை மூடற வரைக்கும் உன் தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. நாலு மாதமாக, வாசலில் எந்த வண்டி நின்றாலும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எட்டிப் பார்க்கிறாள். எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு இரும்புச் சீவல் கூட்டுவதுதான் என் வேலை. கூட்டும்போது கேட்டுக்கொண்டே இருப்பேன். மேலும் கீழும் போகும்போது மட்டும் மெஷின் மூச்சு கூட விடுவதில்லை. ஒருநாள் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, அந்த மேல்கீழ்த் தடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் வருவதற்குள் அப்பாவுக்குக் கை வலித்திருக்கிறது. அரைநிலாக்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எண்ணெய், ஒவ்வொரு பொட்டிலும் ஒரு குட்டி ஜன்னல், ஜன்னலில் மேகம். அம்மா மூன்று முறை கூப்பிட்டாளாம், என் காதில் விழவில்லை. எண்ணெய் தங்குவதற்காகவே யாரோ கையால் செதுக்கியவை அவை. நீங்களா மாமா?

பழைய அரம் ஒன்றின் முனையை உளி போலத் தீட்டிக்கொண்டேன். அப்பா மதியம் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில், முன்னும் பின்னும் போகிற தடத்தில் செதுக்கினேன். மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் ஒரு நிலா. முதலில் வந்தவை காக்காய்க் கால் மாதிரி இருந்தன. போகப் போக என் கை எங்கோ மிதப்பது போலிருக்கும். கண்ணை மூடினாலும் நிலாதான். இருபது மதியங்களில் முனகல் நின்றது.

அப்பா எங்களைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா? என் பாலிஷ் இப்பத்தான் பிடிச்சிருக்கு!" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "ஞாயித்துக்கிழமை அந்த மேல கீழ போறதையும் ஒரு கை பாத்துடறேன்" என்று புது உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தற்செயலாக வருவது போல வந்து தடுத்துவிடுங்கள் மாமா. இடம் வலமாகப் போகிற தடத்தில் செதுக்க மேசையைத் தூக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் தேவை. அப்பாவோடு பேச்சு உள்ள ஆள் ஒருவரும் மிச்சமில்லை. என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள்.

அத்தைக்கு வணக்கம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்

பின்குறிப்பு: உங்கள் புது விலாசத்துக்காக அப்பாவின் நோட்டை எடுத்தவள், கடிதத்தை அதற்குள்ளேயே வைத்து மறந்துவிட்டேன். அப்பா நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை படித்தார். எழுந்து போய்த் தடத்தை விரலால் தடவினார். "இதெல்லாம் நீ போட்டதா?" தலையாட்டினேன். "வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" அடுப்படியிலிருந்து அம்மா, "நீங்க எப்ப திறக்க விட்டீங்க?" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "தபால்ல போட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள போய்ச் சேராது" என்றார். ஆகவே மாமா, இந்தக் காகிதத்தை நீட்டிக்கொண்டு இப்போது உங்கள் வாசலில் நிற்பவர் அப்பாதான். மேசை தூக்க ஆள் தேடி வந்ததாகத்தான் சொல்லுவார். ஒன்றும் கேட்காமல் அவரோடு கிளம்பி வாருங்கள். அம்மா உங்களையும் சேர்த்து உலை வைத்துவிட்டாள்.